குப்பியில் பேசும் பிள்ளைகள் வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ்மூலம் அரசறிவியல் படிப்பிக்கிறேன். தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து எட்டு மாதம். வகுப்பில் எழுபது பேர். சொல்வதை எழுதுகிறார்கள், திரையில் போடுவதைப் போனில் படம் எடுக்கிறார்கள். கேள்வி கேட்டால் எல்லோரும் குனிந்து கொப்பியைப் பார்க்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது, "மிஸ், இது சோதனைக்கு வருமா?" என்பது மட்டும்தான். ஒருநாள் அதிகாரப் பகிர்வு பற்றி விவாதம் வைத்தேன். மூன்று ஆண் பிள்ளைகள் பேசினார்கள், சண்டையில் முடிந்தது. மூத்தவர்கள் "சிலபஸை முடித்தால் போதும்" என்கிறார்கள். எனக்கு அப்படி விட மனமில்லை. என்ன செய்யலாம், அக்கா?
வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சிக்கு,

விட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகவே இந்த முறை முழு இடத்தையும் உங்கள் கடிதத்துக்கு ஒதுக்கினேன். இந்தப் பாடத்தை நான் இருபத்தாறு வருடம் படிப்பித்தேன். முதல் நாலைந்து வருடம் என் வகுப்பும் உங்கள் வகுப்பைப் போலத்தான் இருந்தது.

முதலில் ஒன்று செய்யுங்கள். சோதனைக்கு முந்திய வாரம், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கன்டீன் பக்கமோ படிக்கட்டுப் பக்கமோ போய்ப் பாருங்கள். குப்பி நடக்கும். நீங்களும் மாணவியாக இருந்தபோது குப்பியில் இருந்திருப்பீர்கள். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கின் பெயரைச் சிங்களப் பிள்ளைகள் அந்தச் சின்ன வகுப்புக்கு வைத்தார்கள், எங்கள் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். விளங்கிய ஒருவர் விளங்காத ஐந்து பேருக்குச் சொல்லிக் கொடுப்பது.

ஒரு பின்னேரம் நான் படியிறங்கி வரும்போது ஒரு மாணவி பிரெஞ்சு அறிஞர் மொன்டெஸ்கியூவின் வலுவேறாக்கத்தை, அதாவது சட்டம் போடுவதும் நடைமுறைப்படுத்துவதும் தீர்ப்பளிப்பதும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதை, விளக்கிக்கொண்டிருந்தாள். "எங்கட போடிங் அன்ரியைப் பார். பத்து மணிக்கு லைட் நிப்பாட்ட வேணும் எண்டு சட்டம் போடுறதும் அவ. நிப்பாட்டியாச்சா எண்டு வந்து பாக்கிறதும் அவ. நிப்பாட்டேல்லை எண்டு தண்டம் கேக்கிறதும் அவ. நீ ஆரிட்டப் போய் முறையிடுவாய்? இதைத்தான் மொன்டெஸ்கியூ கூடாது எண்டவர்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி கேட்டாள்: "அப்ப அங்கிள்தான் நீதிமன்றமா?" "அங்கிளை நியமிச்சதே அன்ரிதானே!" என்று பதில் வந்தது. நீதித்துறைச் சுதந்திரத்தின் முழுப் பிரச்சினையும் அந்த இரண்டு வரியில் இருந்தது. நான் இரண்டு மணித்தியாலம் எடுத்துச் சொன்னதை அவள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அந்தப் பருவம் முழுக்க அவள் என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. குப்பியில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை இருந்தது. எதை எப்படிச் சொன்னால் விளங்கும் என்று அவளே தீர்மானிக்க வேண்டியிருந்தது. என் வகுப்பிலோ எல்லாவற்றையும் நானே தீர்மானித்து முடித்துவிட்டு, கடைசியில் "கேள்வி இருக்கா?" என்று கேட்டேன். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? அதனால் நான் மாற்றியது ஒன்றைத்தான்: நான் சொல்வதற்கு முன் அவர்கள் ஏதாவது ஒன்றைத் தீர்மானித்திருக்க வேண்டும். சரியோ பிழையோ, ஒரு முடிவுக்கு வந்து அதில் நின்றிருக்க வேண்டும். அப்புறம் நான் சொல்வதைக் கேட்கும் காது வேறு காது. ஹார்வர்டில் பௌதிகவியல் படிப்பிக்கும் எரிக் மஸூர் 1990களில் இதையேதான் தன் வகுப்பில் செய்தார். கேள்வியைப் போட்டு, ஒவ்வொருவரையும் தனியாக விடை சொல்ல வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி விடை கேட்பார். நம் பிள்ளைகளின் குப்பியைப் பகலிலேயே, மண்டபத்துக்குள்ளேயே நடத்துவது மாதிரி.

எப்படி என்று ஒரு வகுப்பை முழுதாகவே சொல்கிறேன். தேர்தல் முறை பாடம். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று திரையில் போட்டால் படம் எடுப்பார்கள். போடாதீர்கள். கடையில் அரைக் கிலோ கடலை வாங்குங்கள். எழுபது பேரை ஏழு ஏழு பேராகப் பத்துக் குழுவாக்கி, குழுவுக்கு நூறு கடலை எண்ணிக் கொடுங்கள். ஒவ்வொரு கடலையும் ஒரு வாக்கு. ஐந்து கட்சிகள்: அ 36, ஆ 34, இ 25, ஈ 4, உ 1. மேசையில் ஐந்து குவியல். இந்தத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். "நியாயம் என்று உங்களுக்குத் தோன்றுகிற மாதிரிப் பங்கிடுங்கள். பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். சட்டத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

சத்தம் வரும். பெரும்பாலான குழுக்கள் இரண்டு, இரண்டு, இரண்டு என்று நிற்கும். ஈ கட்சியின் நான்கு கடலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவராவது "இந்த நாலு பேரும் என்ன பாவம் செய்தவை?" என்று கேட்பார். நான் செய்த ஒரு வருடமும் அந்தக் கேள்வி வராமல் போனதில்லை.

அதன் பிறகு எங்கள் அரசியலமைப்பின் விதியை ஒரு துண்டுக் காகிதத்தில் கொடுங்கள். 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சியை விலக்கு. முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடு. மிஞ்சிய வாக்கை மிஞ்சிய ஆசனத்தால் பிரி. முழு எண்ணுக்கு ஆசனம், எஞ்சியது கூடியவருக்கு மீதி ஆசனம். செய்து பார்ப்பார்கள். ஈயும் உவும் வெளியே, மிச்சம் 95 கடலை. போனஸ் அவுக்கு. 95ஐ 5ஆல் பிரித்தால் 19. மூன்று கட்சிக்கும் ஒவ்வொன்று. எஞ்சியது அவிடம் 17, ஆவிடம் 15, இயிடம் 6. மீதி இரண்டு ஆசனமும் அவுக்கும் ஆவுக்கும். முடிவு மூன்று, இரண்டு, ஒன்று. போனஸை எடுத்துவிட்டு ஆறு ஆசனத்தையும் அதே முறையில் பங்கிட்டால் இரண்டு, இரண்டு, இரண்டு, அவர்கள் தாங்களாகவே வந்த இடம். இப்போது அ குவியலிலிருந்து இரண்டே இரண்டு கடலையை எடுத்து ஆவில் போடச் சொல்லுங்கள். மூன்று ஆசனம் ஆவிடம் போய்விடும். இரண்டு கடலைக்கு இவ்வளவு பலமா என்று அந்த இடத்தில் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இதற்குப் பிறகு என்ன சொன்னாலும் ஏறும். 1978 அரசியலமைப்பில் வெட்டுப்புள்ளி 12.5 வீதமாக இருந்து, 1988இல் 15ஆம் திருத்தத்தால் 5 ஆனதைச் சொல்லுங்கள். இ கட்சியின் கடலையில் 13ஐ அவுக்கும் ஆவுக்கும் பிரித்துக் கொடுத்து 12 ஆக்கிவிட்டு, பழைய விதியிலும் புதிய விதியிலும் அதன் கதி என்ன என்று பார்க்க வையுங்கள். நாடு முழுக்கச் சிதறி வாழும் ஒரு சமூகத்துக்கு அந்த ஏழரை வீதம் என்ன செய்திருக்கும் என்பதை அவர்களே சொல்வார்கள். கிழக்கிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வந்த முஸ்லிம் பிள்ளை இருந்தால் வெட்டுப்புள்ளியைக் குறைக்கக் கேட்ட முஸ்லிம் காங்கிரசின் கதையும் அந்த இடத்தில் தானாக வரும். பிறகு 225ஐ உடையுங்கள்: 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து 196, தேசியப் பட்டியலில் 29. அந்த 196இல் மாகாணத்துக்கு நான்காக ஒன்பது மாகாணத்துக்கு 36, மிகுதி 160 பதிவுசெய்த வாக்காளர் தொகைப்படி. 2020இல் கொழும்புக்கு 19, கம்பஹாவுக்கு 18. 2024இல் இரண்டும் இடம் மாறின. யாழ்ப்பாணம் 7இலிருந்து 6 ஆகியது. ஏன் என்று கேட்டுவிட்டு விடையைச் சொல்லாமல் வகுப்பை முடியுங்கள். பின்னேரமே உங்கள் வட்ஸ்அப்புக்கு விடை வரும்.

இனி அந்த விவாதம். அது சண்டையாகப் போனது உங்கள் பிழை இல்லை, விவாதம் என்ற வடிவமே அப்படித்தான். "அதிகாரப் பகிர்வு வேண்டுமா?" என்று கேட்டால் "நீ யார், எந்தப் பக்கம்?" என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். பேசத் துணிந்த மூன்று பேர் தங்கள் பக்கத்தைக் காட்டுவார்கள், மற்றவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும், வடக்கு கிழக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்திருக்கிற பிள்ளைக்கும் வீட்டில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "பஸ்ஸில அரசியல் கதைக்காதே." ஒரு தலைமுறையே அந்த வார்த்தையைக் கேட்டு உயிர் தப்பியிருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து "உன் கருத்தைச் சொல்" என்று நாம் அவசரப்படக் கூடாது.

அதனால் கருத்தைக் கேட்காமல் தீர்ப்பைக் கேளுங்கள். 2018 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். அந்தப் பாராளுமன்றம் முதன்முதல் கூடியது 2015 செப்டெம்பர் 1. அரசியலமைப்பின் 33(2)(இ) உறுப்புரை, பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்றது. 70(1) உறுப்புரை, மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் போட்டுக் கேட்டால் ஒழிய நான்கரை ஆண்டு முடியும்வரை கலைக்கக் கூடாது என்றது. அன்றைக்கு இருந்த தமிழ்ப் பிரதியில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் கொப்பி எடுத்துக் குழுவுக்கு ஒன்று கொடுங்கள். அந்த வழக்கை விசாரித்தது ஏழு நீதியரசர்கள். உங்கள் குழுவும் ஏழு பேர். பத்து அமர்வு தயார். "எந்த உறுப்புரை எதைக் கட்டுப்படுத்துகிறது? நாலு வரியில் தீர்ப்பு எழுதுங்கள், உடன்படாதவர் தனியாக எழுதலாம்." ஒவ்வொரு அமர்வும் வாசித்த பிறகுதான் 2018 டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைச் சொல்ல வேண்டும்: ஏழு பேரும் ஒருமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண். என் வகுப்பில் ஒருமுறை பத்தில் நான்கு அமர்வு ஜனாதிபதிக்குச் சார்பாகத் தீர்ப்பெழுதின. அந்த நான்கு அமர்வும் உண்மைத் தீர்ப்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே எனக்கு இன்னொரு வகுப்பு தேவைப்பட்டது. அவர்கள் எந்தக் கட்சி என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாக இருக்கச் சொல்வேன், ஏனென்றால் நான் செய்த பிழை அது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி முன்வரிசையில் இருந்தாள். நல்லெண்ணத்தோடுதான் அவளைப் பார்த்து, "உங்கட ஆக்களுக்கு என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கோ" என்றேன். எழுந்து நின்றாள். "தெரியாது மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அவளுடைய பாட்டனின் சகோதரர்கள் இரண்டு பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள் என்று பிறகு அவளுடைய தோழி சொன்னாள். ஒரு பிள்ளையை அவளுடைய சமூகத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்துகிற உரிமை எனக்கு இல்லை. அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த வருடம் அதே பாடத்தை வேறு மாதிரி எடுத்தேன். எல்லோரையும் 1948இல் கொண்டுபோய் நிறுத்தினேன். "அன்றைக்கு உங்கள் குடும்பத்தில் இருந்த ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள், பாட்டனோ பூட்டனோ. அவர் இலங்கையில் பிறந்தவர்தான், ஆனால் அது காணாது. அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். காகிதம் காட்டி நிரூபியுங்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு வர ஒரு வாரம் தருகிறேன்." யாழ்ப்பாணத்துப் பிள்ளை, காத்தான்குடிப் பிள்ளை, மட்டக்குளிப் பிள்ளை எல்லோரும் போனில் அம்மாவைக் கேட்டார்கள், அம்மம்மாவைக் கேட்டார்கள். அடுத்த வாரம் காகிதத்தோடு வந்தவர் ஒருவரும் இல்லை. ஒருவருடைய வீட்டில் 1990இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு போய்விட்டது. இன்னொருவர் வீட்டில் பூட்டனின் பெயரே யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. "அப்ப நாங்களும் நாடற்றவையா மிஸ்?" என்று யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் கேட்டான். மலையகப் பிள்ளைகள் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று வகுப்பு முடிந்த பிறகு அவர்களில் இரண்டு பேர் தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள், லயத்தில் இருந்த ஒரு தகரப் பெட்டியைப் பற்றி. மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். நான் கதவருகில் நின்றேன்.

கொழும்பில் இருக்கிறீர்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு காலை வேளை பிள்ளைகளை 100 அல்லது 101 பஸ்ஸில் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போங்கள். பழைய பாராளுமன்றம் 1930இல் திறந்த கட்டடம். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு வந்த அரசுக் கழகம் கூடியது அங்கேதான். 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போக, அது ஜனாதிபதி செயலகமானது. அதன் எதிரே, 1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களைக் கும்பல் அடித்தது. அதே திடலில்தான் 2022இல் அரகலய போராட்டத்தின் கூடாரங்கள் நின்றன, தமிழிலும் தேசிய கீதம் பாடினார்கள். ஒரே புல்வெளி, இடையில் 66 ஆண்டு. அங்கே நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை? விடையைக் கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக எழுதட்டும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வகுப்பில் வராத எழுத்தெல்லாம் அந்தத் தாள்களில் வரும்.

புள்ளிக்கான ஒப்படை ஒன்று கொடுப்பதாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடியுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தங்கள் ஊரில் தங்களைத் தொடுகிற ஒரு விஷயத்தைப் பிள்ளைகளே தேர்ந்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் விண்ணப்பம் போடட்டும்: குப்பை, தொடர்மாடி லிஃப்ட், நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கிய செலவு, எதுவானாலும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும், அதனால் பருவம் தொடங்கி இரண்டாவது வாரமே அனுப்பிவிடுங்கள். என் மாணவி ஒருத்திக்கு ஒரு அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் பதில் வந்தது. கோபத்தோடு கொண்டுவந்தாள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைத் திறந்து எல்லோருமாக வாசித்தோம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அலுவலகத்தோடு தமிழில் தொடர்பாடவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. அந்த உறுப்புரையைக் குறிப்பிட்டு அவள் மறுபடி எழுதினாள். தமிழ்ப் பதில் வந்தது. மொழி உரிமை பற்றி அந்த வகுப்புக்கு நான் அதற்குமேல் பாடம் எடுக்கவில்லை.

சிலபஸ் பற்றி உங்கள் மூத்தவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சோதனை உண்டு, வகுப்புத் தரம் உண்டு, வேலைக்கு அது வேண்டும். அதனால் எல்லா வகுப்பையும் இப்படி எடுக்க வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற வாரங்களில் வழமைபோல விரிவுரை எடுங்கள், ஆனால் குறிப்பை முதல்நாளே வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். கையில் குறிப்பு இருந்தால் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேச விடுங்கள். "சோதனைக்கு வருமா?" என்று கேட்கிற பிள்ளையிடம் கோபிக்காதீர்கள். உயர்தரத்தில் இசட் புள்ளிக்காக இரண்டு வருடம் டியூஷன் வகுப்பில் இருந்து, அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் அது கம்பஸ் வாசலுக்கு வந்தது. "வரும், எப்படி வரும் என்று நீங்களே ஒரு வினா அமைத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல வினாவை உண்மையிலேயே வினாத்தாளில் போடுங்கள். போட்டதைச் சோதனை முடிந்ததும் வகுப்பில் சொல்லுங்கள்.

தமிழில் வாசிக்க நூல் குறைவு என்பது உண்மை, அது உங்களால் ஒரு பருவத்தில் தீர்க்கக்கூடியது இல்லை. ஆனால் அரசியலமைப்பு தமிழில் இருக்கிறது, சட்டங்கள் இருக்கின்றன, பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் தமிழ் உறுப்பினர்களின் பேச்சுகள் தமிழிலேயே அச்சாகின்றன. மேலே சொன்ன வகுப்புகளுக்கு அவையே காணும். வாரம் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள், இரண்டு வருடத்தில் உங்களிடம் ஒரு கோப்பு இருக்கும்.

கடலை வகுப்பிலிருந்து தொடங்குங்கள், அதில்தான் யாருக்கும் பயம் இல்லை. முதல்நாள் இரவே நூறு நூறாக எண்ணிச் சின்னப் பைகளில் கட்டி வையுங்கள், வகுப்பில் எண்ண நேரம் போதாது. பைக்குள் ஐந்தாறு கடலை கூடவே போடுங்கள், எப்படியும் சில மேசைக்குக் கீழே உருண்டுவிடும். எந்தக் குழு எப்படிப் பங்கிட்டது என்பதை எனக்கும் எழுதி அனுப்புங்கள், ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா